ஸ்டெப்னி தத்துவம்

சேந்தமங்கலத்தைத் தாண்டி காரவள்ளி அடிவாரம் போனால், அங்கிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவழியில் லாரி டயர் பஞ்சரானால் டிரைவர் என்ன செய்வார்? ஜாக்கி போட்டு, நட்டைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கேயே உட்கார்ந்து ரப்பர் காய்ச்சிப் புது டயர் செய்ய மாட்டார்!

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில், அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் மாற்றுச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தெருப் பெயரே சக்கரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

சக்கரம் எந்தக் கம்பெனி என்று அச்சுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அளவு பொருந்தினால் போதும்.

இந்தச் சங்கதிக்கு சாஃப்ட்வேர் உலகம் பெயர் வைத்தது, சரியாக நூறு வருடம் கழித்து!

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றின் பில் போடும் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். பில் பகுதி, வரிக் கணக்குப் பகுதியைத் தனக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டால், இரண்டையும் வெல்டிங் வைத்த மாதிரி. தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. ஒவ்வொரு தடவையும் புரோகிராமைக் குடைந்து திருத்த வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போனாலும் தப்பான பில்... நோட்டீஸ் வருவது புரோகிராமருக்கு அல்ல, கடைக்காரருக்கு!

அதற்குப் பதில், வரிக் கணக்குப் பகுதியை வெளியிலிருந்து கொண்டுவந்து பில் பகுதியின் கையில் கொடுத்துவிட்டால்? 'இந்தச் சரக்குக்கு வரி என்ன?' என்ற கேள்விக்கு, பேசிவைத்த முறையில் பதில் சொல்கிற எதுவானாலும் அதற்குச் சம்மதம். சட்டம் மாறினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாட்டலாம். பரிசோதிக்கும்போது டம்மியைக்கூட மாட்டிப் பார்க்கலாம்.

2000-களின் ஆரம்பத்தில் ஜாவாவில் எழுதிய பெரிய புரோகிராம்களில், துளி இடத்தைப் பரிசோதிக்கவே முழு சர்வரையும் ஓட்ட வேண்டியிருந்தது. கடுப்பான ஆஸ்திரேலியர் ராட் ஜான்சன், 2002-ல் ஒரு புத்தகம் எழுதி மாற்று வழி காட்டினார். மனிதர் டாக்டர் பட்டம் வாங்கியது இசை ஆராய்ச்சியில்! 2004 ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் தன் கட்டுரையில் இந்த முறைக்கு 'டிபெண்டன்ஸி இன்ஜெக்ஷன்' என்று பெயர் சொன்னார். அதாவது, தேவையானதை வெளியிலிருந்து ஊசி போடுவது. அதே மார்ச்சில், ஜான்சன் புத்தகத்திலிருந்து வளர்ந்த 'ஸ்பிரிங்' 1.0 வெளியானது. அந்த ஊசியைப் போடுகிற வேலை அதனுடையது.

எல்லாவற்றுக்கும் இது வேண்டுமா? வேண்டாம். பத்து வரி புரோகிராமுக்கு இதைச் செய்வது, தள்ளுவண்டிக்கு ஸ்டெப்னி கட்டுகிற கதை. எது அடிக்கடி மாறும் என்று பார்த்து, அங்கே மட்டும் நட்டு போல்ட்டு வையுங்கள்.