மச்சான்

கண்டி டியூசன் வகுப்புகளில் இங்கிலீஷ் படிக்கும் பொடியன்கள் வாட்ஸ்அப்பில் இப்போது ‘புரோ’ என்றுதான் தொடங்குகிறார்கள். ‘பிரதர்’ என்பதன் முறிந்த துண்டு அது. நம்மிடம் ‘மச்சான்’ இருக்கிறதே! மைத்துனன், மச்சினன் இதற்கு உறவுச் சொற்கள். மனைவியின் உடன்பிறந்தான், அக்காள் கணவன், மாமன் மகன் எல்லோரும் மச்சான்தான். கண்டி அரியணையே இந்த முறையில் கைமாறியது: 1739இல் மன்னன் நரேந்திரசிங்கன் இறந்ததும் அவன் பட்டத்தரசியின் உடன்பிறந்தான், மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன், அரசனானான், 1747இல் இவனுக்குப் பின் வந்த கீர்த்தி ஸ்ரீயும் இவன் மச்சான்தான். நாளடைவில் உறவுமுறை தளர்ந்து, ‘மச்சான்’ என்ற சொல் நட்புக்கும் வந்தது. சிங்கள இளைஞர் வாயில் ‘மச்சங்’ ஆனது. ‘தோழன்’ நல்ல தமிழ், ஆனால் கூப்பிட வராது. பிள்ளைகளே, ‘மச்சான்’ என்றே தட்டுங்கள். சிங்களக் கூட்டாளிக்கும் புரியும்.