சர்மத்: ஓவியத்தில் விடுபட்ட யூத அறிஞர்

கோட்டூர்புரத்தில் நாம் கூடும் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் முகலாயச் சிற்றோவியங்கள் குறித்துப் பேச்சு எழுந்தது. நண்பர் கொணர்ந்த அச்சுப்படிகளுள் ஒன்றில், ஆடையற்ற துறவி ஒருவரின் எதிரே இளவரசர் தாரா ஷிகோ பணிவுடன் அமர்ந்திருந்தார். "பட்டினத்தார் போலல்லவா இருக்கிறார்!" என்று வியந்தார் ஒருவர்.

துறவியின் பெயர் சர்மத். பாரசீக நாட்டில் யூதக் குடியில் பிறந்தவர். யூதர்களின் திருமறையாகிய தோராவை ரப்பிகளின் மரபில் கற்றுத் தேர்ந்து, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி, முல்லா சத்ரா முதலிய பேரறிஞர்களிடம் மெய்யியல் பயின்றவர். கடல்வழி வணிகராகச் சிந்து நாட்டுத் தட்டா நகருக்கு வந்தார். அங்கே அபய் சந்த் என்னும் இந்து இளைஞன்பால் கொண்ட பேரன்பினால் பொருளையும் உடையையும் ஒருசேரத் துறந்தார். பட்டினத்தாரும் கடல் வணிகர் என்பதை எண்ணினால் நண்பரின் ஒப்புமை முற்றிலும் பொருந்தாததன்று. ஆனால் பட்டினத்தார் படத்தில் கோவணமும் கரும்பும் இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்து மரக்கலங்கள் இரா. சர்மத்தின் படத்திலும் அவ்வாறே. அவருடைய எபிரேயக் கல்விக்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை.

அக்கல்வியை அறிய நாம் ஓவியத்தை விட்டு ஏட்டுக்குத்தான் செல்ல வேண்டும். பல சமயங்களையும் ஆராயும் 'தபிஸ்தானே மசாஹிப்' என்ற பாரசீக நூலின் ஆசிரியர், 1647இல் ஐதராபாத்தில் சர்மத்தைச் சந்தித்தார். யூத சமயத்தை உள்ளிருந்து விளக்கவல்ல ஒருவரை அதுவரை அவர் கண்டதில்லை. ஆதியாகமத்தின் தொடக்கம் முதல் ஆறாம் அதிகாரம் எட்டாம் வசனம் வரையிலான பகுதி அந்நூலில் பாரசீக மொழியில் இடம்பெற்றது. மொழிபெயர்த்தவன் அபய் சந்த். திருத்திக் கொடுத்தவர் சர்மத். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். அதற்கும் அறுபத்தெட்டு ஆண்டுகள் முன்பு, கோல்கொண்டா சுல்தானின் தலைநகரில், யூதராய்ப் பிறந்து முஸ்லிமான ஆசானும் இந்து மாணவனும் ஒரு மறையை வரிவரியாகச் சரிபார்த்திருக்கிறார்கள்! மொழிபெயர்ப்பு வரலாறு பயில்வோர் இதனைப் போதிய அளவு கவனித்ததாகத் தோன்றவில்லை.

பிற்பாடு சர்மத் தில்லி சென்று தாராவின் அன்புக்குரியவரானார். தாரா 1659இல் கொல்லப்பட்டார். ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1661ஆம் ஆண்டளவில் சர்மத்தும் தலை வெட்டப்பட்டு மாண்டார். கலிமாவின் முற்பாதியை மட்டுமே ஓதினார், "இன்னும் மறுப்பிலேயே நிற்கிறேன், உடன்பாட்டை எட்டவில்லை" என்று விடை பகர்ந்தார் என்பது செவிவழி மரபு. கொலைக்கு உடையின்மையும் சமய நிந்தையும் காரணங்களாகக் காட்டப்பட்டன. தாராவின் நட்பே உண்மைக் காரணம் என்று நாம் கருதுகிறோம். ஆடையின்றித் திரிந்த பக்கிரிகள் அந்நாளைய தில்லிக்குப் புதியவர்களா என்ன?

அவரைக் குறித்து எழுதிய ஐரோப்பியர் இருவர். தில்லித் தெருக்களில் அவரைக் கண்டு அருவருப்புற்றதாக எழுதினார் பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர். மற்றவர் நம் ஊர்க்காரர் என்றே சொல்லிவிடலாம்: தாராவின் பீரங்கிப் படையில் பணியாற்றி, 1686இல் சென்னைப்பட்டினத்தில் குடியேறிய வெனிசு நகரத்து மனுச்சி. அவர் சர்மத்தை எபிரேயர் என்றே குறிக்கிறார்; கூடவே நாத்திகர் என்றும் முத்திரை குத்துகிறார். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் ஆல்டர்மேன்களுள் மூவர் யூத வணிகர்கள் என்பதால், அவருக்கு யூதர்கள் அன்றாடம் காணும் அண்டை மனிதர்களே.

மனுச்சி தரும் செய்தி ஒன்று ஓவியத்தை மீண்டும் பார்க்க வைக்கிறது. இளவரசர் முன்னிலையில் மட்டும் சர்மத் இடையில் ஒரு துணி அணிந்தாராம். அவ்வாறாயின் தாராவின் எதிரே அவரை ஆடையின்றி அமர்த்திய ஓவியர், அவைக்கு வந்த மனிதரை வரையவில்லை. தெருவில் பேசப்பட்ட சர்மத்தையே வரைந்திருக்கிறார். உடையின்மையை வரைவது எளிது. எபிரேயச் சொல்லொன்றுக்குப் பாரசீகத்தில் நேர்ச்சொல் தேடும் முகத்தை எப்படி வரைவது?

தில்லி ஜும்மா மசூதியின் கீழ்த்திசை வாயிலருகே, செந்நிறம் பூசிய அவரது அடக்கத்தலத்திற்கு இன்றும் மக்கள் வருகின்றனர். அவர்களுக்கு அவர் சூபி, உயிர்த்தியாகி. தபிஸ்தானின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1843இல் வெளிவந்தது. யூதர் பற்றிய இயல் சிறியதே. வாய்ப்புள்ளோர் அதனை ஓவியத்தின் அருகில் வைத்துப் படிக்கலாம்.