கடற்பூதம் கணவாயான கதை

நடுக்கடல். காற்று அடங்கிக் கிடக்கிறது. நார்வே நாட்டு மீனவன் கயிறு இறக்கி ஆழம் பார்க்கிறான். எண்பது பாகம் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது பாகத்திலேயே தரை தட்டுகிறது. மீனோ அள்ள அள்ளக் குறையவில்லை. மகிழ்கிறான். மறுபடியும் கயிறு இறக்குகிறான்; தரை இன்னும் மேலேறி வந்திருக்கிறது! மீனும் வேண்டாம், வலையும் வேண்டாம் என்று துடுப்பை வலித்துப் பறக்கிறான். ஏன்? கீழே இருப்பது கடலின் தரையன்று. கிராக்கன் என்னும் பூதத்தின் முதுகு!

பாட்டி சொன்ன கதையன்று இது. பெர்கன் நகரத்துப் பேராயர் எரிக் பொந்தோப்பிடான் 1752, 1753 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'நார்வே நாட்டின் இயற்கை வரலாறு' என்ற ஏட்டிலே, அறிவு நூல் என்ற பெயரிலே அச்சேறிய செய்தி. பூதத்தின் முதுகு ஒன்றரை மைல் சுற்றளவாம்! 1755 இல் இந்நூல் ஆங்கிலத்திலும் வந்தது. கற்றோர் அவையெல்லாம் பேசப்பட்டது.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா, தோழர்களே? நமக்கும் தோன்றியது. ஆனால் சிரிப்போடு நின்றுவிட்டால் இந்த வரலாற்றின் பாதியைத்தான் நாம் அறிந்தவர்களாவோம். மறுபாதி, சிரித்தவர்களே தலைகுனிந்த கதை.

பேராயருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. சுவீடன் நாட்டுச் சமயத் தலைவர் ஓலாஸ் மாக்னஸ். தாய்நாடு மதம் மாறியதால் வெளிநாட்டில் தங்கிவிட்டவர். அவர் 1539 இல் வெனிஸ் நகரில் வடநாடுகளின் கடற்படம் ஒன்றை அச்சிட்டார். கரையெல்லாம் ஊர்ப்பெயர், கடலெல்லாம் பூதம்! கப்பலைச் சுற்றி வளைக்கும் செம்பாம்பு, கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட திமிங்கலம், இன்னும் எத்தனையோ. 1555 இல் ரோமாபுரியில் அவற்றுக்கு விளக்கமாகப் பெருநூலும் வெளியிட்டார். சூரிச் நகரத்து அறிஞர் கெஸ்னர் 1558 இல் தம் விலங்கு நூலில் அந்தப் படங்களை எடுத்துச் சேர்த்துக் கொண்டார். சூரிச்சில் கடல் ஏது? ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினார்கள். கரைக்குப் போய்ப் பார்த்தவர் மிகச் சிலர்.

அதே கெஸ்னரின் நூலில் 'கடல் துறவி' என்றொரு படம் உண்டு. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட நீரிணையில் 1540களில் பிடிபட்ட உயிராம். மழித்த தலையாம், தோளிலே துறவி அணியும் மேலங்கியாம்! நிலத்தில் உள்ள மடம் போதாதென்று நீருக்குள்ளும் ஒரு மடம் கட்டிவிட்டார்கள். முந்நூறு ஆண்டுகள் இந்தத் துறவி ஏட்டுக்கு ஏடு தாவி வாழ்ந்தார். 1854 இல் டென்மார்க்கின் விலங்கியல் அறிஞர் யாப்பேட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் அந்தப் படத்தை ஒரு கணவாய்ப் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினார். மழித்த தலை என்றது கணவாயின் உடல். அங்கியின் மடிப்பு என்றது அதன் கைகள். துறவியின் துறவறம் அன்றோடு முடிந்தது! (பிற்காலத்தார் சிலர் அது கணவாயன்று, தட்டைச் சுறா வகை ஒன்று என்று வாதிட்டதும் உண்டு. எதுவாயினும் துறவியன்று.)

ஸ்டீன்ஸ்ட்ரப்புக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? ஏட்டிலிருந்து மட்டுமன்று. 1853 இல் டென்மார்க்கின் யூட்லாந்துக் கரையில் மாபெரும் கணவாய் ஒன்றின் பிணம் ஒதுங்கியது. மீனவர்கள் அதைத் துண்டு போட்டுத் தூண்டிலுக்கு இரையாக்கிவிட்டார்கள். எஞ்சியது கிளிமூக்குப் போன்ற அலகு. அந்த அலகை வைத்துக்கொண்டு 1857 இல் 'ஆர்க்கிடியூத்திஸ்' என்று அறிவியற்பெயர் சூட்டினார். பேராயரின் ஒன்றரை மைல் சுருங்கி, அளக்கத்தக்க ஓர் உயிராயிற்று.

இடையிலே வேறொரு கூத்தும் நடந்தது. அதனால் விளைந்த கேட்டையும் சொல்லியாக வேண்டும். பிரான்சு நாட்டு அறிஞர் டெனி த மொன்ஃபோர், 1801, 1802 ஆம் ஆண்டுகளில் நத்தையினம் பற்றி எழுதிய நூலில், பாய்மரக் கப்பலைக் கைகளால் பற்றி இழுக்கும் பூதக் கணவாயின் படத்தைப் போட்டார். ஆதாரம்? சாந்த் மாலோ ஊர்த் தேவாலயத்தில் மாலுமிகள் நேர்ந்துகொண்டு மாட்டிய ஓவியம்! அவர் எழுதியபடி, அங்கோலாக் கரையில் அந்தக் கப்பல் ஏற்றியிருந்த சரக்கு என்ன தெரியுமா? யானைத் தந்தம், பொன்துகள், அடிமைகள். மனிதரை விலங்கிட்டு அடித்தட்டில் அடைத்தவர்கள், தங்கள் கழுத்துக்கு ஆபத்து வந்ததும் புனித தோமாவைக் கூவி அழைத்தார்களாம், அவரும் காப்பாற்றினாராம்! அடித்தட்டில் கிடந்தவன் கூப்பிட்டது எவர் காதிலும் விழவில்லை போலும்.

அத்தோடு நின்றாரா மொன்ஃபோர்? 1782 இல் பிரிட்டிஷ் கப்பல்கள் பத்து ஒரே இரவில் மூழ்கியதும் கணவாயின் கைவேலையே என்றார். புயலின் வேலை அது. பொய் அம்பலமாயிற்று, வறுமையில் பாரிஸ் நகரில் மாண்டார். அவரோடு கணவாயும் அவப்பெயர் எடுத்தது. அதன் பிறகு பெருங்கணவாய் என்று எவரேனும் வாய் திறந்தாலே, 'மொன்ஃபோரின் சீடரோ?' என்று நகைக்கும் நிலை வந்தது. ஒரு பொய்யனின் மிகை, உண்மைக்கே பூட்டாக அமைந்தது.

பூட்டின் வலிமை 1861 இல் தெரிந்தது. நவம்பர் 30. டெனரீஃப் தீவருகே பிரான்சு நாட்டுப் போர்க்கப்பல் அலெக்தோன். எதிரே நீர்மட்டத்தில் மிதக்கிறது பெருங்கணவாய், உயிரோடு! தளபதி பூயே துப்பாக்கியால் சுடச் செய்தார். ஈட்டி எறியச் செய்தார். கயிற்றுச் சுருக்கும் வீசினர். இழுத்தபோது கயிறு சதையை அறுத்துக்கொண்டு போயிற்று. வால் துண்டு மட்டும் கைக்கு வந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்துக்குச் செய்தி எட்டியது. கப்பல் நிறைய ஆட்கள் கண்டது. ஆயினும் ஏளனமே விடையாகக் கிடைத்தது. ஆராயாமல் நம்பினார் பேராயர். ஆராயாமல் மறுத்தனர் அறிவாளர். இரண்டுக்கும் வேறுபாடு என்ன என்று கேட்கிறோம்.

கழகம் கைவிட்டதைக் கதாசிரியன் கையிலெடுத்தான். 1866 இல் விக்டர் ஹ்யூகோ தம் 'கடல் உழைப்பாளிகள்' புதினத்தில் பேய்க்கணவாயோடு ஒரு மீனவனைப் போராட வைத்தார். அந்த உயிருக்குக் கர்ன்ஸித் தீவு மக்கள் வழங்கிய பெயரே பிரெஞ்சு மொழியின் பொதுச்சொல்லாகிவிட்டது. ஜூல்ஸ் வெர்ன், 1869, 1870 ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட நீர்மூழ்கிக் கதையில், அலெக்தோன் நிகழ்ச்சியையே தம் பாத்திரத்தின் வாயால் சொல்ல வைத்தார். சாந்த் மாலோ ஓவியத்தையும் விடவில்லை. அதை நகைச்சுவைக்கு ஆக்கிக்கொண்டார். கதையென்று தெரிந்தே எழுதப்பட்ட ஏட்டில் எது சான்று, எது புளுகு என்ற பிரிவு இருந்தது. வரலாறு என்று பெயர் தாங்கிய ஏட்டில் அது இல்லை!

முடிவு கட்டியவர்கள் யார்? நியூஃபவுண்ட்லாந்தின் ஏழை மீனவர்கள். 1873 அக்டோபரில் சிறு படகில் சென்றவர்களைப் பெருங்கணவாய் ஒன்று பற்றியது. கோடரியால் அதன் கையை வெட்டிக் கரை சேர்ந்தனர். கைக்கு வந்த துண்டே 19 அடி. அடுத்த மாதம் மீன்வலையில் முழுக் கணவாயே சிக்கியது. மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் பத்து டாலர் கொடுத்து வாங்கி, வீட்டுக் குளியற்கம்பியின்மேல் அதன் தலையையும் கைகளையும் தொங்கவிட்டு நிழற்படம் எடுப்பித்தார். அவரும் பாதிரியார்தான். ஆனால் ஓவியத்தை நம்பவில்லை, அளவுகோலை நம்பினார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். யேல் பல்கலைக்கழகத்து வெரில் அந்த உடலை ஆராய்ந்து எழுதினார். ஏளனம் ஓய்ந்தது.

திமிங்கலம் வேட்டையாடியவர்களுக்கோ இது பழஞ்செய்தி. குத்துண்ட ஸ்பெர்ம் திமிங்கலம் கக்கும் கணவாய்த் துண்டுகளை அவர்கள் கண்டிருந்தனர். மெல்வில் 1851 இல் 'மோபி டிக்' புதினத்தில் கணவாய்க்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவரும் திமிங்கலக் கப்பலில் வேலை செய்தவர்.

உயிருள்ள பெருங்கணவாயை அதன் இருப்பிடத்திலேயே படமெடுக்க மேலும் 130 ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் ஒகசவாரா தீவுகளருகே 2004 செப்டம்பரில், 900 மீட்டர் ஆழத்தில், குபோடெராவும் மோரியும் இறக்கிய கருவி 500க்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. இரைக்கயிற்றில் மாட்டிய கையை அறுத்துக்கொண்டு கணவாய் தப்பியது. 2012 இல் அசைபடமே கிடைத்தது. ஒளி பாய்ச்சித் தேடியவர்களுக்கு அகப்படாதது, எடித் விட்டர் என்ற பெண் அறிஞர் அமைத்த கருவியை நாடி வந்தது. கணவாயின் கண்ணுக்குப் புலப்படாத செவ்வொளி; இரையாக ஆழ்கடல் சொறிமீனைப் போல நீல ஒளி சிமிட்டும் ஒரு பொம்மை. அவ்வளவே அவர் செய்தது.

இன்று அளந்து சொல்லும் நீளம் 12, 13 மீட்டர். அதனினும் எடை மிகுந்த வேறோர் இனத்துக்கு, திமிங்கல வயிற்றில் கிடைத்த கைகளைக் கொண்டு 1925 இல் பெயரிட்டார்கள். அதை ஆழ்கடலில் உயிரோடு படம் பிடித்தது 2025 மார்ச்சில், தென் அட்லாண்டிக்கின் 600 மீட்டர் ஆழத்தில். நூறாண்டு காத்துக் கண்டது ஒரு குஞ்சு. 30 சென்டிமீட்டர் நீளம். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் உடல்.