பெரியாஸ்பத்திரியும் அதன் கல்லூரியும்

சென்னை மருத்துவக் கல்லூரிக்கு முன்பே அதன் மருத்துவமனை இருந்தது. 1664-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. இடம் மாறி மாறி, 1772-இல் கோட்டைக்கு வெளியே இப்போதிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும், ஊரார் ஜி.ஹெச். என்றும் பெரியாஸ்பத்திரி என்றும் சொல்லும் மருத்துவமனை இதுதான்.

நோயாளிகள் பெருகியபோது அவர்களைக் கவனிக்கும் கைகள் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து மருத்துவர்களை வரவழைப்பது செலவு மிகுந்த காரியம். ஆகவே மருத்துவமனைப் பொறுப்பிலிருந்த மார்ட்டிமர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆட்களைப் பழக்கும் தனியார் பள்ளி ஒன்றை நடத்தினார். அதையே அரசு ஏற்று, 1835 பிப்ரவரியில் கவர்னர் ஃபிரடெரிக் ஆடம் மருத்துவப் பள்ளியாகத் திறந்துவைத்தார். கம்பெனிக்கு வேண்டியிருந்தவர்கள் உதவியாளர்கள்தாம். மருத்துவ அறிஞர்களை உருவாக்கும் எண்ணம் அப்போது இல்லை. 1850 அக்டோபரில் பள்ளி கல்லூரியானது. 1852-இல் முதல் அணி தேறி வெளிவந்தது. 1857-இல் புதிதாகத் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துடன் கல்லூரி இணைந்தது.

1875-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயரின் மனைவி மேரி ஷார்லீப். ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்ற வழக்கத்தால் பிரசவத்தில் மடியும் பெண்களைக் கண்டு, தானே மருத்துவம் படிக்க முன்வந்தார். அவரோடு இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்தனர். பெண்களுக்கு மருத்துவக் கல்வி தர இங்கிலாந்திலேயே பெரும் எதிர்ப்பு இருந்த காலம் அது. மூன்றாண்டில் தேறிய ஷார்லீப், லண்டனில் மேற்படிப்பை முடித்துத் திரும்பி, 1885-இல் பர்தா வழக்கமுள்ள கோஷா பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியின் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்பது அதனால்தான். புதுக்கோட்டையிலிருந்து வந்து 1907-இல் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் பட்டம் பெற்றார். பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர் அவரே.

ஆராய்ச்சி என்று தனித்துறை எதுவும் அந்நாளில் இல்லை. வார்டிலும் பிணவறையிலும் தோன்றிய கேள்விகளே ஆராய்ச்சியாயின. இதற்குச் சார்ல்ஸ் டோனவனைவிட நல்ல சான்று இல்லை. கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரரான அவர், பொது மருத்துவமனையில் மருத்துவராகவும் கல்லூரியில் உடலியல் பேராசிரியராகவும் இருந்தார். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாகப் பலர் வந்தபடி இருந்தனர். மலேரியா என்று குயினைன் கொடுத்தும் பலன் இல்லை. 1903 ஏப்ரலில், இறந்துபோன நோயாளிகளின் மண்ணீரலில் மலேரியாக் கிருமிக்குச் சம்பந்தமில்லாத நுண்ணுருக்களை டோனவன் கண்டார். அழுகலில் தோன்றியவையாக இருக்கலாமோ என்ற ஐயம் எழ இடமிருந்தது. ஜூன் 17 அன்று, உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியிலும் அதே உருக்கள் தெரிந்தன. ஐயம் தீர்ந்தது. இதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், டம்டமில் காய்ச்சல் பிடித்து இறந்த சிப்பாயின் உடலில் இதையே கண்டதாக பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் எழுதியிருந்தார். யாருக்கு முதலிடம் என்ற சச்சரவை மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்துத் தீர்த்துவைத்தார்: லீஷ்மேனியா டோனவானி. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் கிருமி அது. உயிருள்ள நோயாளியிடம் அதை நிறுவிய பெருமை சென்னை வார்டுக்கே உரியது. 1905-இல் பாலியல் நோய் ஒன்றின் நுண்ணுருக்களையும் டோனவன் இங்கே கண்டறிந்தார். அவை டோனவன் உருக்கள் என்றே பாடநூல்களில் இடம்பெற்றன. 1911-இல் இராயப்பேட்டை மருத்துவமனை திறந்தபோது அதன் பொறுப்பை ஏற்றார். ஓய்வு நேரத்தில் பட்டாம்பூச்சி சேகரித்தார் என்பது அவரது கூர்ந்த பார்வைக்கு இன்னொரு சான்று.

பேராசிரியர் பதவிகள் நெடுங்காலம் ஐரோப்பியர் வசமே இருந்தன. இங்கே பயின்ற ரங்காச்சாரியின் அறுவைத் திறமை, நோயாளிகளைப் பார்க்க அவர் சொந்த விமானத்தில் பறந்ததைப் போலவே ஊரில் பேசப்பட்டது. மருத்துவமனை முகப்பில் அவருக்குச் சிலை உண்டு. ஆனால் கல்லூரிக்கு இந்தியர் ஒருவர் முதல்வராக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மகப்பேறு மருத்துவரான ஆற்காடு லட்சுமணசாமி முதலியார்தான் அவர். 1950-இல் பி. ராமமூர்த்தி இங்கே நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்ததும் இந்தக் கல்லூரியால்தான். 1986-இல் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன், இங்கே எச்.ஐ.வி. தொற்று இருக்கிறதா என்பதை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி தம் முதுநிலை மாணவி ஒருவரிடம் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் மாணவி இரத்தம் சேகரித்தார். பிரித்தெடுத்த சீரத்தைப் பாதுகாக்கத் தக்க இடம் கிடைக்காததால் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சோதனைக் கருவி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்ததால் மாதிரிகள் அங்கே சென்றன. ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. நாட்டின் முதல் எய்ட்ஸ் பரிசோதனை, ஆலோசனை மையத்தைச் சுனிதி சாலமன் அதே கல்லூரியில் தொடங்கினார்.