மாத்திரையும் நிலைப்படியும் – ஒரு சின்ன வரலாறு



பரீட்சை முடிந்து ஊருக்கு (பரளச்சி, திருச்சுழி தாலுகா) போயிருந்தேன். விடியக்காலையில் கட்டிலை விட்டு வேகமாக எழுந்த அப்பத்தா, தலை சுற்றி நிலைப்படியில் விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு தப்பியது. "எல்லாம் இந்தப் பிரஷர் மாத்திரையாலதான், இனிமே தொடமாட்டேன்" என்று டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்!

அவர் சொன்னதில் பாதி உண்மை. சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மாத்திரையும் அதற்கு ஒரு காரணமாகலாம். அதற்காக நாமாகவே நிறுத்தினால் பக்கவாதம் வரை போகும். அப்போ என்னதான் செய்வது?

வயசானால் விழத்தான் செய்வார்கள் என்றே உலகம் ரொம்ப நாள் நினைத்திருந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி அதை ஏற்கவில்லை. 70 வயது தாண்டிய 301 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு மாத்திரைகளைச் சரிபார்த்து, மெதுவாக எழுந்திருக்கச் சொல்லி, கால் பயிற்சியும் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் விழுந்தவர்கள் அவர்களில் 35 சதவீதம், மற்ற பாதியில் 47 சதவீதம். இன்னொரு பக்கம், ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக், நோயாளிகளே தங்கள் நோயைக் கையாளப் பழகும் 6 வார வகுப்பை உருவாக்கினார். பாடம் நடத்தியவர்களில் பலர் தாங்களே நோயாளிகள்! இந்த இரண்டும் ஒரே ஆளுக்குத்தானே வேண்டும்?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வி.எஸ்.நடராஜன். பெரிய காரியம்தான். ஆனால் பரளச்சிக்கு அது ஒரு ராத்திரி பஸ் தூரம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் ஒரே திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்தன. என் கணக்கில் இதுதான் முக்கியம்: மாத்திரை கொடுக்க வருகிறவர் கண்ணில் அந்த உயரமான நிலைப்படியும் படும்.

பரணிலிருந்து டப்பாவை இறக்கி, அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்தார். இப்போது அப்பத்தா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நிதானமாகக் கொண்டை முடிந்த பிறகுதான் காலை ஊன்றுகிறார்.