உப்புக்குள்ள புதைச்ச பீப்பாய்கள்: அஸ்ஸே சுரங்கத்தின் கதை

இன்னைக்கு ஜெர்மனி போறோம். லோயர் சாக்ஸனி மாநிலத்துல, வோல்ஃபன்பியூட்டல் ஊருக்குப் பக்கத்துல அஸ்ஸேன்னு ஒரு குன்று வரிசை. மேல காடு, சுத்தி வயல். அதுக்கு அடியில, 'அஸ்ஸே இரண்டு'ங்கிற உப்புச் சுரங்கத்துல, 1967-லேர்ந்து 1978 வரைக்கும் சுமார் 1,26,000 பீப்பாய் அணுக்கழிவை இறக்கினாங்க. இன்னைக்கு அதையெல்லாம் திரும்ப வெளிய எடுக்கணும்னு சட்டமே இருக்கு.

முதல்ல, உப்பு ஏன்? கழிவுல இருக்கிற புளூட்டோனியம்-239 பாதியா குறையவே சுமார் 24,000 வருஷம் ஆகும். அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது. பட்டா பீப்பாய் துருப்பிடிக்கும், உள்ள இருக்கிறது கரைஞ்சு நிலத்தடி நீருக்குப் போகும். ஒரு உப்புப் பாறை பல கோடி வருஷமா கரையாம இருக்குன்னா, அங்க தண்ணி போகலைன்னு அர்த்தம். அதோட, அழுத்தத்துல உப்பு மெதுவா நகர்ந்து இடைவெளியை மூடிக்கும். 1957-லேயே அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் உப்பைப் பரிந்துரை பண்ணிடுச்சு.

இதுவரைக்கும் சரி. ஆனா அஸ்ஸே இரண்டு யாரும் கை வைக்காத உப்பு இல்ல. 1909-லேர்ந்து 1964 வரைக்கும் தோண்டித் தீர்த்த பழைய சுரங்கம். உள்ள நூத்துக்கும் மேல பெரிய பெரிய அறைகள். தெற்குப் பக்கம் சில அறைகளை உப்போட விளிம்பு வரைக்கும் குடைஞ்சிருந்தாங்க. அங்க அறைகளோட சுவர் மெலிசு, வெளிப்பாறையோ ஓயாம அழுத்துது. பக்கத்துலயே இருந்த 'அஸ்ஸே ஒன்று' 1906-லேயே தண்ணி புகுந்து மூழ்கியிருந்துச்சு. அதுவே பெரிய எச்சரிக்கை.

இருந்தும் 1965-ல அரசாங்கம் அந்தச் சுரங்கத்தை வாங்குச்சு. அதுக்கு வெச்ச பேர் ஆராய்ச்சிச் சுரங்கம். முதல்ல பீப்பாய்களை ஒழுங்கா அடுக்கினாங்க. அப்புறம் பல அறைகள்ல லோடர் வண்டியில கொண்டுபோய் உப்புச் சரிவுல உருட்டிவிட்டு, மேல உப்பைக் கொட்டி மூடினாங்க. 1976-ல சட்டம் மாறி, நிரந்தரக் கிடங்குக்கு மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் அனுமதி தரணும்னு வந்துச்சு. அஸ்ஸே அந்த வழியா போகவே இல்ல.

1988-லேர்ந்து உள்ள தண்ணி வர்றது பதிவாகியிருக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 12,000 லிட்டர். நிரந்தரம்னு சொன்ன இடம், கடைசி பீப்பாய் இறங்கி பத்து வருஷத்துலயே ஒழுக ஆரம்பிச்சிடுச்சு. சீசியம்-137 கலந்த உப்புநீர் உள்ள இருக்குன்னு நிர்வாகத்துக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சது 2008-ல, பத்திரிகைச் செய்தி மூலமா. பெரிய சர்ச்சையாகி, 2009-ல பொறுப்பு மத்திய கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாறுச்சு. 2013-ல நாடாளுமன்றம் கழிவை வெளிய எடுக்கச் சட்டம் போட்டுச்சு. 2033-ல எடுக்க ஆரம்பிக்கிறதா திட்டம் போட்டாங்க. அதுக்கே புதுசா ஒரு சுரங்கவழி தோண்டணும். நசுங்கின பீப்பாய்களை இயந்திரம் வெச்சுத்தான் தொட முடியும்.

எனக்கு இதுல உறுத்துறது ஒண்ணுதான். தோத்தது உப்பு இல்ல. கைக்கு எட்டுன பழைய சுரங்கத்தை எடுத்து, ஆராய்ச்சின்னு பேர் வெச்சு, பக்கத்துச் சுரங்கம் மூழ்குன கதையை ஓரங்கட்டிட்டாங்க பாருங்க, அந்த முடிவுதான் தோத்துச்சு. அந்த முடிவை எடுத்த மேசையில அந்த ஊர்க்காரங்க யாரும் இல்ல. இன்னைக்கும் அந்தக் குன்றுக்குக் கீழ குடியிருக்கிறது அவங்கதான்.

ஜெர்மனி இப்போ உயர்நிலைக் கழிவுக்கு வேற இடம் தேடிட்டு இருக்கு. அந்தத் தேடலுக்கான 2017 சட்டத்துல ஒரு வரி கவனிக்க வேண்டியது: கிடங்கை மூடின பிறகும் 500 வருஷத்துக்குக் கழிவைத் திரும்ப மீட்க வழி இருக்கணும். புதைச்சிட்டு மறந்துடலாம்ங்கிற நினைப்பை அவங்க கைவிட்டுட்டாங்க. அதுக்கு அஸ்ஸேயும் ஒரு முக்கியமான காரணம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.