சேனைக்கு வைத்த தீயும் கோப்பிக்கு வைத்த தீயும்



வகுப்பில் 1840 காணிச் சட்டத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், சேனை செஞ்சாக்கள்தானே காட்ட எரிச்சி அழிச்ச? அப்ப அந்தச் சட்டம் நல்லந்தானே?" உடனே பதில் வரவில்லை. அதுதான் இந்தப் பதிவு.

சேனைக்காரர் கண்டபடி தீ வைத்தவர்கள் அல்லர். ஆடி, ஆவணி வெயிலில் காட்டை வெட்டிக் காயவிடுவார்கள். பக்கத்துக் காட்டுக்குத் தீ தாவாமல் ஓரத்தைத் துப்புரவாக்குவார்கள். மாரி மழைக்குக் கொஞ்சம் முன்னர் எரிப்பார்கள். சாம்பல் பசளையாகும், களை விதைகளும் கருகிவிடும். பிறகு குரக்கன், சோளன், பயறு. இரண்டொரு போகம் முடிய அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். அடிக்கட்டைகள் துளிர்த்து, பல வருடங்களில் மறுபடி காடாகும். இந்த இடைவெளியில்தான் எல்லாமே இருக்கிறது. அது சுருங்கி, அடிக்கடி எரித்தால் இலுக்குப் புல் பிடித்துவிடும். அதன் தண்டு மண்ணுக்குள் ஓடுவதால் தீ அதை ஒன்றும் செய்யாது, மரக்கன்றுகள்தான் சாகும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த இடைவெளியைத்தான் பிடித்தது. காடு, தரிசு, பயிரிடாத காணி எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. சில வருடங்களுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடும் சேனைகளைக் கண்டிப் பகுதியில் சன்னஸ் போன்ற அத்தாட்சி இல்லாவிட்டால் முடிக்குரியவை என்றும், மற்ற இடங்களில் காடு அல்லது தரிசு என்றும் கருதியது. ஆறப்போட்ட நிலம் ஆளில்லாத நிலமாகிவிட்டது!

அதே காலத்தில் மலைநாட்டில் என்ன நடந்தது? ஏக்கர் 5 ஷில்லிங் அளவில் முடிக்காணி விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். பெருங்காட்டை வெட்டி, எரித்துத்தான் கோப்பி நட்டார்கள். அந்தக் காடு திரும்பி வரவில்லை. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, தேயிலை வந்தது. அந்தத் தீக்குப் பெயர் அபிவிருத்தி.

சேனைக்கோ அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப், 1913இல் வெளியிட்ட நாவலில் அந்தப் பத்திரத்துக்காக ஏழைகள் பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். பத்திரம் கொடுக்கும் கதிரையில் இருந்தவரே அவர்தான்.

சேனையில் பிழையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சனம் பெருகப் பெருக இடைவெளி குறைந்தது, காடும் குறைந்தது. ஆனால் இன்றைக்கும் காணி விசாரணைகளில் "உறுதி எங்கே?" என்று கேட்கும்போது, சேனை செய்த குடும்பங்களிடம் காட்ட என்ன இருக்கிறது?

உங்கள் மூத்தவாப்பாமார் சேனை வெட்டிய இடங்களின் பெயர், எல்லை, எந்த வருடம் என்பவை தெரிந்தால் கீழே எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.